விளக்கு எரிவது சாட்சியல்ல

“லைட் எரியுது, ஃபேன் ஓடுது. நல்லா இருக்கிற வயரிங்கை எதுக்கு நோண்டணும்?” வயரிங் பற்றி எச்சரிக்கை வரும்போதெல்லாம் காதில் விழும் பேச்சு இது. ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

இன்ஃபினிட்டி, ஓல்சென்ட் என்ற பெயர்களில் 2010 முதல் 2013 வரை அங்கே விற்ற கேபிள்கள் சீனத் தயாரிப்பு. கட்டடங்களுக்குள் போனது சுமார் 4,000 கிலோமீட்டர். 2014 ஆகஸ்டில் நாடு முழுக்க அவற்றைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

குறை செம்பில் இல்லை, அதைப் போர்த்திய பிளாஸ்டிக்கில். அதனால்தான் விளக்கு எரிந்தது. போட்ட அன்று மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவி வைத்துப் பார்த்திருந்தாலும் சரியென்றே காட்டியிருக்கும்; அந்தச் சோதனைக்கு அன்றைய நிலைமைதான் தெரியும். வெயில் காயும் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, அடுப்புக்குப் பக்கத்தில், ஆண்டுக்கணக்கில் சூடு பட்டுப்பட்டு அந்த பிளாஸ்டிக் மொறமொறத்துப் போகும். பிறகு ஏசி மாட்ட மேலே ஏறுகிறவரின் முழங்கால் இடித்தாலே போதும், பொருக்குப் பொருக்காக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். 2016 முதலே இந்தச் சிதைவு தொடங்கலாம் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் எச்சரித்தது. ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இத்தகைய குறைக்குப் பதிலே ஆகாது. நாள் போகப்போகத்தான் இது ஆபத்தாகிறது.

“ட்ரிப் ஸ்விட்ச் இருக்கே, காப்பாத்தாதா?” பாதிதான் காப்பாற்றும். வெறும் வயரில் ஆள் கைபட்டு மின்சாரம் தரைக்குக் கசிந்தால், 30 மில்லி ஆம்பியரிலேயே அது துண்டித்துவிடும். அது கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பொறி பறந்தால் தரைக்குக் கசிவே இல்லை. ட்ரிப் ஸ்விட்சுக்கு எதுவும் தெரியாது. இன்னொரு பாதுகாப்பு ஸ்விட்சான எம்சிபியோ கரன்ட் அளவு மீறினால்தான் விழும். அளவுக்குள்ளேயே பறக்கும் பொறி, பக்கத்து மரச்சட்டத்தைப் பற்ற வைக்கப் போதும்.

“டோஸ்டரைத் திருப்பிக் கொடுக்கலாம், சுவருக்குள்ள இருக்கிறதை எப்படிக் கொடுப்பது?” டோஸ்டரில் கோளாறு என்றால் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடலாம். மறைந்திருக்கும் வயரை அப்படிச் செய்ய முடியாது என்பதே அதைத் தேடி எடுப்பதற்கான காரணம். செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் இடமில்லை. இறக்குமதி செய்த நிறுவனம் கலைக்கப்பட்ட பின்னும், விற்ற கடைகளே இலவசமாகச் சோதித்து மாற்றித் தர முன்வந்தன. அப்படியும் எல்லாக் கேபிளும் அகப்படவில்லை.

சிட்னியிலோ மெல்பர்னிலோ வீடு வாங்கிய நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2010 முதல் 2013 வரை அந்த வீட்டில் வயரிங் வேலை நடந்ததா என்று விசாரியுங்கள். நடந்திருந்தால் நீங்களே மேலே ஏறிப் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்ஃபினிட்டி, ஓல்சென்ட் என்ற பெயர் கேபிளின் மேலுறையிலேயே அச்சாகியிருக்கும்.