கூடாரமும் கோடை மழையும்

கிணத்துக்கடவுவாசிகளாகிய நமக்குக் கடல் என்பது தூரத்து உறவு மாதிரி. எப்போதாவது ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொள்வதோடு சரி. மேற்கே மலை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இருக்கிறது. ஊருக்குள்ளேயே பொன்மலை வேலாயுதசுவாமி இருக்கிறார். இவ்வளவும் இருக்கக் கடல் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் நம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக வகுப்பில் உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பாடம் சொல்லி வருகிறோம். உப்பளம் ஒன்றையேனும் கண்ணால் கண்டதில்லை. சென்ற வருஷம் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "உப்பு எப்படிங் ஸார் வெளையுது? கடலைக்காய் மாதிரி மண்ணுக்குள்ளயா?" என்று கேட்டான். கடல் நீரைக் காய்ச்சினால் உப்பு வரும் என்று சொல்லிச் சமாளித்தோம். சமாளிக்கிறோம் என்பது பையனுக்கும் தெரிந்துவிட்டது.

ஆகவே, சென்ற மே மாத விடுமுறையில் வேதாரண்யம் போவதென்று தீர்மானமாயிற்று. அங்கே கடற்கரையை ஒட்டி நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. "விடுதி எதற்கு? கூடாரம் அடித்துக்கொண்டு தங்குங்கள்" என்றார். பள்ளிச் சாரணர் படைக்கு நாமே தலைவராகையால், கூடாரம் என்றதும் நமக்கு உற்சாகம் பிறந்தது. நமது இல்லாளுக்குப் பிறக்கவில்லை. "மெத்தை வீட்டை விட்டுட்டு மணல்ல போய்ப் படுக்கோணுமா?" என்றாள். ஆனால் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி படகு செலுத்திய கோடிக்கரை அங்கிருந்து கூப்பிடு தூரந்தான் என்று சொன்னவுடன், மறுபேச்சுப் பேசாமல் மூட்டை கட்டினாள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த அந்தக் கதைக்கு இன்னும் எத்தனை குடும்பங்களைப் பிரயாணம் கிளப்பும் சக்தி இருக்கிறதோ!

கோயமுத்தூரிலிருந்து இரவில் மன்னார்குடிக்குப் புறப்படும் செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறினோம். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சுமார் 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அந்த வழியில் பெரும்பகுதியை நாம் குறட்டை விட்டுக்கொண்டே கடந்துவிட்டோம். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் சிறைக்குப் போக நேரிடும் என்று அந்நாள் தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தைச் சிறையில் அடைக்கச் சட்டம் இல்லை அல்லவா? மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போகும்போது சாலையோரத்துப் புளியமரங்களை நம் பையன் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

தோப்பில் பாதி மரங்கள் இல்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் விழுந்தவை போக எஞ்சியவை நின்றன. இடையிடையே புதுக் கன்றுகள். கூடாரம் அடிப்பதில் நமக்கிருந்த கர்வம் முதல் அரை மணியிலேயே அடங்கிற்று. நம் ஊர்ச் செம்மண்ணில் நாலு அடி அடித்தால் நிற்கும் முளைக்குச்சி, அந்த மணலில் விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிட்டது. தோப்புக் காவல்காரர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நாலு கோணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டி, முழ ஆழத்தில் புதைத்தார். அப்புறம் ஐந்து நாளும் கூடாரம் அசையவில்லை.

தண்ணீர் விஷயம் இதைவிட ஆச்சரியம். ஊர்ப் பெயரிலேயே கிணறு இருந்தும், நம் பக்கத்துத் தோட்டங்களில் ஆயிரம் அடிக்குக் கீழே துளைபோட்டும் ஏமாந்தவர்கள் உண்டு. இங்கே காவல்காரர் ஆறடி தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் சுரக்கிறது! மணல்மேட்டில் இறங்கிய மழைநீர், கனமான உப்பு நீரின் மேலே தனியாக மிதந்து நிற்கிறதாம். பேராசைப்பட்டு இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான்.

இரண்டாம் நாள் அகஸ்தியம்பள்ளி சென்றோம். ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய இடத்தில் நினைவு ஸ்தூபி நிற்கிறது. ஏப்ரல் 30 அன்று அவரைக் கைது செய்து ஆறு மாதச் சிறை விதித்தார்கள். தொண்டர்களை வரவேற்று நடத்திய சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். அவர் 1946-இல் ஆரம்பித்த கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆயினும் நம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனவர் நாவிதர் வைரப்பன். போலீஸ்காரர்களுக்கு க்ஷவரம் செய்வதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் பாதி முகம் வழித்த பிறகுதான், ஆசாமி போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறையும் சென்றார். அவருக்கும் ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. பாதி முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் வீதியில் எப்படி நடந்து போயிருப்பார் என்று நம் பையன் அன்று முழுவதும் நடித்துக் காட்டினான்.

பிறகு உப்பளம். கண் கூசும் வெயிலில், வரப்புக் கட்டிய பாத்திகள் கண்ணுக்கெட்டிய வரையில் கிடந்தன. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் கீற்று மூடி நின்றன. சிறு அளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒரு அம்மாள், நீண்ட கழியில் பலகை பூட்டி உப்பை வாரிக்கொண்டிருந்தாள். நாம் வகுப்பில் சொன்ன விளக்கத்தை அவளிடமும் சொன்னோம். சிரித்துவிட்டாள்.

"காச்சறதில்லைங்க ஐயா, காய வைக்கிறது. அடுப்பெல்லாம் மேலே இருக்கு" என்று சூரியனைக் காட்டினாள்.

முதலில் பெரிய பாத்தியில் நீரைத் தேக்குகிறார்கள். அது வெயிலில் சுண்டச் சுண்ட, அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். சுண்ணாம்புச் சத்து முதலில் அடியில் படிந்துவிடும். மானியில் இருபத்தைந்து டிகிரி காட்டும் அளவுக்கு நீர் கனத்த பிறகே உப்பு பூக்கத் தொடங்கும். அதையும் தாண்டிச் சுண்டவிட்டால் கசப்பு ஏறும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இருபது வருஷப் பாடத்தை அரை மணியில் திருத்திவிட்டாள். மறுநாள் விடிவதற்கு முன் வந்தால், ஆட்கள் வரிசையாக நின்று வாருவதைப் பார்க்கலாம் என்றாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இந்த வாருதல் பணத்தில் மகளின் தோட்டை அடகிலிருந்து மீட்கவேண்டும் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

அன்றிரவு மழை கொட்டியது. ஒரு மணி நேரம் விடாமல் பெய்தது. கொங்கு நாட்டுக் குடியானவர் வீட்டு ரத்தம் அல்லவா? மே மாதத்து மழையைக் கண்டதும் நமக்கு என்னமோ செய்தது. குழந்தைகள் கூடாரத்தை விட்டு ஓடி மணலில் ஆடினார்கள். நாமும் ஆடினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உடனே ஊருக்குக் கைப்பேசியில் பேசி, அங்கும் மழை உண்டா என்று விசாரித்தோம். "ஒரு சொட்டு இல்லே கண்ணு" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.

விடியுமுன் உப்பளம் சென்றபோது வாருகிற ஆட்கள் ஒருவரையும் காணோம். பாத்திகளெல்லாம் வெறும் தண்ணீர். கீற்றுக்கு அடியில் இருந்த அம்பாரம் தப்பிவிட்டது. பாத்தியில் பூத்துக்கிடந்தது கரைந்துபோயிற்று. அந்த அம்மாள் வரப்பில் குந்தியிருந்தாள்.

"மறுபடியும் சுண்டி வர எட்டு நாளோ பத்து நாளோ ஆகுங்க. அதுக்குள்ளே இன்னொண்ணு பெய்யாம இருக்கணும்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. வரியை எதிர்த்து வேதாரண்யம் வரையில் நடக்கலாம். மழையை எதிர்த்து எந்த ஊருக்கு நடப்பது? என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். திரும்பும் வழியில் பையன் நம் கையைப் பிடித்து இழுத்து, "ராத்திரி நாம ஆடினோமே, அது இவிகளுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டான். தெரியாது என்றோம்.

மறுநாள் கோடிக்கரை. 1967 முதல் சரணாலயமாக இருக்கும் அந்தக் காட்டில் பாலை மரங்களுக்கிடையே வெளிமான்களைக் கண்டோம். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகுமாக ஓர் ஆண், பத்துப் பன்னிரண்டு பெண்மான்கள். பூநாரைகளைப் பார்க்க ஆசைப்பட்ட மகளுக்கு ஏமாற்றம். அவை வருவது மழைக்காலத்துக்கும் பனிக்காலத்துக்கும். இல்லாள் தேடிய சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்துபோய் அடித்தளந்தான் மிச்சம். அதன் எதிரே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பூங்குழலிக்காக இருக்கலாம், உப்பளத்து அம்மாளுக்காகவும் இருக்கலாம். நாம் கேட்கவில்லை. கடைசி நாள் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மூன்றையும் ஓட்டமாக ஓடிப் பார்த்தோம். அப்படிப் பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

கிளம்புமுன் உப்பளத்துக்கு மறுபடி போனோம். அம்பாரத்திலிருந்து இரண்டு படி கல்லுப்பு அளந்து கொடுத்த அந்த அம்மாள், பணம் வாங்க மறுத்துவிட்டாள். இல்லாள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நாட்டுச் சர்க்கரையைப் பொட்டலத்தோடு அவள் மடியில் வைத்தாள். அதை வாங்கிக்கொண்டாள். பாத்தியில் நீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது.

கிணத்துக்கடவில் இறங்கியபோது ரோடெல்லாம் ஈரம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "நேத்து ராத்திரி நல்ல மழை கண்ணு! கடலைக்காய் போட்டர்லாம்" என்றாள். பையன் நம்மைப் பார்த்தான். நாம் உப்புப் பொட்டலத்தை நீட்டினோம். அம்மா ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "நல்ல கரிப்பு" என்று சொல்லி, ஜாடியில் கொட்டி மூடி, சாரல் படாத மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.