ஒரு கழித்தல் கணக்கு

பத்தாண்டுகளாக நீரிழிவு உள்ள, தொப்பை விழுந்த ஓர் ஆணின் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைடு 280, எல்.டி.எல். 102. "எல்.டி.எல். நூறு சொச்சம்தானே டாக்டர், பரவாயில்லையா?" என்று கேட்கிறார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கும்போது நம்மில் பலரும் தலையசைத்து அனுப்பிவிடுகிறோம். அந்தத் தலையசைப்பைப் பற்றித்தான் இந்த இதழில் பேச விரும்புகிறேன்.

190-இல் 32-ஐக் கழித்தால் 158. எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் இது. தமனிச் சுவரில் படியக்கூடிய துகள்கள் அத்தனையும் சுமக்கும் கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை. அபாயம் மிகுந்தவர்களுக்கு இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் வைத்திருக்கும் இலக்கு 100-க்குக் கீழே. எல்.டி.எல்.லுக்கே இலக்கு 70-க்குக் கீழேதான். "பரவாயில்லை" என்று சொல்ல இந்த அறிக்கையில் இடமே இல்லை.

அந்த 102-ஐயும் முழுதாக நம்ப முடியாது. பெரும்பாலான ஆய்வகங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரப்படி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்தக் கணக்கு பிசகும். 400-ஐத் தாண்டினால் பயன்படாது. நம் நீரிழிவு நோயாளிகளுக்கு ஏறி நிற்பதோ அதே ட்ரைகிளிசரைடுதான்.

அது ஏன் ஏறுகிறது? சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், கொழுப்புத் திசு கரையாமல் அடக்கிவைக்க வேண்டும். தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்துவிட்டால் திசு அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் கல்லீரலில் வந்து இறங்குகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றிக் குருதிக்குள் விடுகிறது. அவற்றைக் கரைக்க வேண்டிய லிப்போபுரோட்டீன் லைபேஸும் மந்தமாகிவிடுகிறது. தேங்கிய துகள்கள் சி.இ.டி.பி. என்ற புரதத்தின் வழியாக எச்.டி.எல்., எல்.டி.எல். துகள்களோடு பண்டமாற்று செய்கின்றன: ட்ரைகிளிசரைடைக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. ட்ரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல். சீக்கிரமே சிதைந்து வெளியேறுகிறது. எல்.டி.எல். செதுக்கப்பட்டுச் சிறுத்து, அடர்த்தியாகிறது. ஒவ்வொரு துகளும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு. துகள்களின் எண்ணிக்கையோ அதிகம். அறிக்கையில் எல்.டி.எல். சாதுவாகத் தெரிவது இதனால்தான்.

2014-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது, எல்.டி.எல். மிகுந்தவர்கள் 11.8 விழுக்காடு மட்டுமே. எல்.டி.எல்.லை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு நம் மக்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்களாகவே தெரிவார்கள்.

ட்ரைகிளிசரைடு 280 என்றதும் ஃபெனோஃபைப்ரேட் எழுதிக்கொடுத்து, ஸ்டாட்டினை மறந்துவிடும் பழக்கம் வருத்தம் தருகிறது. 2004-இல் வந்த கார்ட்ஸ் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கு வெறும் 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் பெரிய இதய, மூளை நாள நிகழ்வுகளை 37 விழுக்காடு குறைத்தது. 2022-இன் ப்ராமினென்ட் ஆய்விலோ பெமாஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடை நன்றாகவே இறக்கியது. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. துகள் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ பி குறையாததே காரணம் என்று நான் கருதுகிறேன். ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் போனால் கணைய அழற்சி பயம் உண்டு, அது வேறு கதை. மற்றவர்களுக்கு ஸ்டாட்டின்தான் முதலில்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எண்ணெயே சேர்க்கிறதில்லை டாக்டர், முட்டையைக்கூட விட்டுட்டேன்" என்பவரிடம், மதியம் எத்தனை கரண்டி சோறு, காலையில் எத்தனை இட்லி, வாரத்தில் எத்தனை நாள் மது என்று கேளுங்கள். மிதமிஞ்சிய மாவுச்சத்தையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாகவே மாற்றுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்து, எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே அந்த எண் இறங்கத் தொடங்கும். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ராலுக்குத் தனிப் பரிசோதனை வேண்டாம், கூடுதல் காசு வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். உங்கள் ஊர் ஆய்வகத்திடம் அந்த ஒரு வரியை அறிக்கையில் அச்சிடச் சொல்லுங்கள். அவர்கள் அச்சிடும் வரை, அடுத்து வரும் நீரிழிவு நோயாளியின் அறிக்கை ஓரத்தில் நீங்களே கழித்து, பேனாவால் எழுதி, வட்டமிட்டுக் கொடுங்கள்.