கம்பி கட்டும் கதை

பள்ளிக்கூட ஆண்டு விழா மேடைகளில் தவறாமல் அடி வாங்குகிற ஒரு ஜீவன் உண்டு. போன்சாய் மரம். 'ஆலமரமாய் ஓங்கி வளர வேண்டிய பிள்ளைகளைத் தொட்டியில் அடைத்து, கம்பி கட்டி, போன்சாய் ஆக்கிவிடாதீர்கள் பெற்றோர்களே!' என்று சிறப்பு விருந்தினர் குரலை உயர்த்துவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். பட்டிமன்றத்தில் இதே வசனம் மருமகள்களுக்காக வரும். புதுக்கவிதையில் கேட்கவே வேண்டாம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவர்களில் எத்தனை பேர் ஒரு கிளையில், ஒரே ஒரு கிளையில், கம்பி சுற்றிப் பார்த்திருப்பார்கள்?

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மொட்டை மாடியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். எட்டு வருஷமாகியும் 'கத்துக்கிட்டிருக்கேன்' என்றுதான் சொல்வார். ஆரம்பத்தில் மரத்தைத் தொடவே இல்லையாம். வெட்டிப் போட்ட கொய்யாக் குச்சிகளில் சுற்றிச் சுற்றிப் பழகியிருக்கிறார். "கொய்யாவே ஒடிஞ்சா தப்பு குச்சி மேல இல்ல சார், நம்ம கை மேல" என்றார்.

வேலை என்னவோ பார்க்கச் சுலபம். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள அலுமினியக் கம்பி. அதைச் சுமார் 45 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும். நெருக்கிச் சுற்றினால் பிடிப்பு இருக்காது. தளரச் சுற்றினால் வளைக்கும்போது கிளை ஒடியும். எந்தப் பக்கம் வளைக்கப் போகிறோமோ, அந்த வளைவின் வெளிப்புறத்தில் கம்பி வந்து தாங்க வேண்டும். பட்டை கிழிவது அங்கேதான். ஒரே கம்பியை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் இரண்டுக்கும் கொண்டு போனால், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். முதல் நாள் தண்ணீரைக் குறைத்தால் கிளை கொஞ்சம் துவளும், வளைக்கத் தோதாக இருக்கும். இரண்டு கட்டைவிரலையும் கிளையின் உள்பக்கம் கொடுத்து, மெதுவாக. ஒரே நாளில் முழு வளைவும் வேண்டும் என்று பேராசைப்படக் கூடாது.

செம்புக் கம்பி இன்னும் பலம். ஆனால் ஒருமுறை வளைத்தாலே விறைத்துப் போகும். புதிதாகக் கற்பவர்களுக்கு அலுமினியமே போதும்.

இதுவரை சொன்னது பாதி வேலை. மீதிப் பாதிதான் மேடைப் பேச்சாளர்களுக்குத் தெரியாதது. கம்பி கட்டியவன் அந்தக் கிளையை வாராவாரம் போய்ப் பார்த்தாக வேண்டும். ஆல், அரசு, இத்தி எல்லாம் மழைக்காலத்தில் மளமளவென்று பருக்கும். சில வாரம் அசந்தால் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். திருகாணி மாதிரி அந்தத் தழும்பு வருஷக்கணக்கில் போகாது. எடுக்கும்போதும் சுற்றைப் பிரிக்கக் கூடாது, கிளை ஒடியும். ஒவ்வொரு சுற்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். கம்பி கொஞ்ச காலம்தான். கிளை அந்த வாகில் நிலைத்ததும் கம்பிக்கு அங்கே வேலையில்லை.

இதையா கொடுமை என்கிறீர்கள்?

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். ஆண்டாள் கோயிலின் ராஜகோபுரம், 11 நிலை, 192 அடி. இந்த மாதிரிக் கோபுரங்களில் எல்லாம் பறவை எச்சத்தில் விதை விழுந்து ஆலும் அரசும் முளைக்கும். விட்டால் வேர் கல்லைப் பிளந்துவிடும். உழவாரப்பணிக்காரர்கள் பிடுங்கிப் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும். அதற்காக எந்தக் கவிஞரும் கண்ணீர் விட்டதில்லை. நம் ராஜபாளையத்துக்காரரின் மரங்களில் பாதி, இடிக்கப்பட்ட பழைய வீட்டுச் சுவர்களில் இருந்து கேட்டு வாங்கி வந்தவை. குப்பைக்குப் போக வேண்டியதற்குத் தொட்டியும் மண்ணும் உரமும் கொடுத்தால் சித்திரவதையாம்! பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள் என்பதும் கட்டுக்கதை. வேரையும் கிளையையும் அளவாக வெட்டுவதால்தான் அது சின்னதாக இருக்கிறது. அதிலிருந்தே ஒரு போத்து ஒடித்துத் தரையில் நட்டால், பெரிய மரமாகவே வளரும்.

அதே கோயிலில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளி இலை, மாதுளம்பூ, நந்தியாவட்டை எல்லாம் சேர்த்து தினம் தினம் புதிதாகக் கட்டுகிறார்கள். இலையை வளைத்து நாரால் கட்டுகிற அந்தக் கைகளைக் கும்பிடுகிற ஊர் இது. கிளைக்கு வந்தால் மட்டும் வளைப்பது வன்முறையா?

வீட்டில் போன்சாய் வைத்தால் குடும்பத்தின் வளர்ச்சி குறுகிவிடும் என்று சொல்லும் வாஸ்துக்காரர்களுக்கு ஒரு தகவல். வாஷிங்டனில் அமெரிக்க தேசிய தாவரத் தோட்டத்தில் ஒரு பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்படுவது. ஜப்பானின் யமாகி குடும்பம் 1976இல் கொடுத்தது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது இந்த மரம் அந்த ஊரில், அவர்கள் வீட்டில்தான் இருந்தது. மரமும் தப்பியது, குடும்பமும் தப்பியது. 2001இல் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அமெரிக்காவுக்கே இந்த விஷயம் தெரிந்தது. நான் பி.காம். படித்தவன். எதற்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதியே பழக்கம். இதற்கு என்ன எழுதுவது?

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். நம் பள்ளிகள் பிள்ளைகளை போன்சாய் ஆக்குகின்றனவா? ஆக்கினால் பரவாயில்லையே! ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக, வாராவாரம், இன்னும் கம்பி வேண்டுமா, வெட்டிவிடலாமா என்று யாராவது பார்க்கிறார்களா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தானே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள்? அங்கே கட்டுகிற கம்பியை யாரும் அவிழ்ப்பதில்லை. பட்டைக்குள் இறங்கின பிறகும் மதிப்பெண்தான் கேட்கிறார்கள்.

அதற்குப் பொருத்தமான உவமை பல்லடம் பக்கம் போனால் கிடைக்கும். பிராய்லர் கோழி. ஒரே கொட்டகை, ஒரே தீனி, நாற்பது நாளில் இரண்டு கிலோ. மேடையில் அதைச் சொல்லலாமே? சொல்ல மாட்டார்கள். முதல் வரிசையில் தாளாளர் உட்கார்ந்திருக்கிறாரே!