ஏரிக்கரை உடும்பைக் காப்போம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

உடும்பு பல்லி இனத்தில் பெரியது. முழு வளர்ச்சியில் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் வால். காட்டில் மட்டும் வாழும் பிராணி அன்று. ஏரிக்கரை, முட்புதர், பனந்தோப்பு, வயல் வரப்பு, கரையான் புற்று ஆகியவை அதன் இருப்பிடங்கள். இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம், ஒரகடம் வரை ஆலைகள் எழுந்திருப்பதும் ஏரியும் வரத்துக் கால்வாயும் புதரும் கலந்த இதே நிலத்தில்தான்.

பகலில் நடமாடும் உடும்பு, காலை வெயிலில் உடல் சூடேறிய பிறகே இரை தேடக் கிளம்பும். பாம்பினுடையதைப் போலப் பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். நாக்கில் ஒட்டிவரும் வாசனையை மேலண்ணத்தில் உள்ள உறுப்பு பிரித்தறிந்து இரையின் திசையைக் காட்டும். வண்டு, தேள், நத்தை, தவளை, எலி, பறவை முட்டை எல்லாம் அதற்கு இரை. பூச்சியும் எலியும் குறைவதால் வயலுக்கு அது நன்மையே செய்கிறது. நெருக்கினால் உடலை உப்பிச் சீறும், வாலால் அடிக்கும், வழிவிட்டால் ஓடிவிடும்.

பெண் உடும்பு கரைச்சரிவிலோ கரையான் புற்றிலோ குழி தோண்டிச் சுமார் 20 முட்டைகள் இடும். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்தி இறுக்கும். முட்டை தின்ன வரும் பிராணிகளை ஏமாற்ற, அருகிலேயே வெறும் குழிகளையும் தோண்டிவைக்கும். குஞ்சு வெளிவர ஐந்தரை மாதம் முதல் எட்டு மாதம் வரை ஆகும். அதற்குள் பொக்லைன் ஒருமுறை கரையைச் சீவினால் ஒரு தலைமுறை முழுவதும் அழிந்துவிடும்.

இறைச்சிக்காகவும் தைலத்துக்காகவும் உடும்பு வேட்டையாடப்படுகிறது. அந்தத் தைலம் நோய் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. ஒரு காலத்தில் கஞ்சிராவுக்கு உடும்புத் தோலே கட்டப்பட்டது. இன்று ஆட்டுத்தோலிலும் நாதம் பிறக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொல்வோருக்கும் விற்போருக்கும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஆகவே பொதுமக்களும் தொழிலாளர்களும் ஆலை நிர்வாகத்தினரும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கும்படி இவ்வட்டாரக் குடியிருப்போர் சார்பில் கேட்டுக்கொள்ளப்படுகிறது:

1. உடும்பு இறைச்சியையும் தைலத்தையும் வாங்கக் கூடாது.

2. ஏரிக்கரைப் புதர்களுக்குத் தீ வைக்கக் கூடாது. புற்றுகளை இடிக்கக் கூடாது.

3. கரையில் மண் வேலை தொடங்கும் முன் உடும்பு வளைகள் உள்ளனவா என்று பார்த்து, இருந்தால் அவ்விடத்தை விட்டுவைக்க வேண்டும்.

4. ஏரியை ஒட்டிய சாலைகளில் பகலிலும் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும்.

5. ஆலை வளாகத்துக்குள் உடும்பு வந்தால் கல்லெறியாமல், கம்பெடுக்காமல், அது வெளியேற வழிவிட்டு விலகி நிற்க வேண்டும். வெளியேறாவிட்டால் வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும்.