வீடியோ கேம் உருவாக்குவது வீண் வேலையா?

கணினிப் பட்டம் பெற்ற மகன், சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே சொந்தமாக வீடியோ கேம் உருவாக்கப் போவதாகச் சொன்னால், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உள்ள நம் வீடுகளில் என்ன பதில் கிடைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விளையாடுவதே வீண், அதைச் செய்து விற்பது எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். அக்கேள்வியை நாம் இகழவில்லை. அதில் பிழைப்பைப் பற்றிய அச்சமும் மார்க்கத்தைப் பற்றிய அக்கறையும் கலந்திருக்கின்றன.

பிழைப்பின் கணக்கை முதலில் பார்ப்போம். கணினி விளையாட்டுகளுக்குப் பெருஞ்சந்தையாக விளங்குவது ஸ்டீம் என்னும் இணையக் கடை. ஒரு விளையாட்டை அங்கே வைக்க 100 டாலர் கட்டினால் போதும். விற்பனையில் பொதுவாக 30 விழுக்காட்டைக் கடை எடுத்துக்கொள்ளும். வாசல் அகலமானதால் கூட்டமும் பெரிது. 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வெளியாயின. நாளொன்றுக்கு ஏறக்குறைய 50. இவற்றுள் மிகப் பல, செய்தவரின் உழைப்புக்குரிய கூலியைக்கூடத் தருவதில்லை.

எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்கரை ஆண்டுகள் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி, 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதைப் பிள்ளைகள் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். அக்காலத்தில் அவர் திரையரங்கில் பகுதிநேர ஊழியராக இருந்தார் என்பதையும், வீட்டுச் செலவைப் பெரிதும் சுமந்தவர் அவருடைய துணை என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. புனேயில் உருவாகி 2020இல் வெளிவந்த ராஜி என்ற விளையாட்டுக்காக அதன் நிறுவனர்களுள் ஒருவர் தம் வீட்டையே விற்றார். அவருடைய மனவுறுதியைப் புகழலாம். நம் பிள்ளைக்கு அதனை வழியாகக் காட்ட நாம் துணியமாட்டோம்.

ஆயினும், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்கவும் நமக்கு மனமில்லை. காரணம் நம் தோல் தொழிலிலேயே இருக்கிறது. ஆம்பூரில் தைக்கப்படும் காலணியின் உள்ளே பொறிக்கப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரே. பதனிடுவதிலும், சொந்தத் தோல் வாங்கிப் பதனிடுபவர் ஒருபுறம், பிறர் தோலைக் கூலிக்குப் பதனிடும் ஜாப் ஒர்க்காரர் மறுபுறம். உழைப்பு இருவருக்கும் ஒன்றே. தோல் யாருடையதோ, இலாபமும் நட்டமும் அவருடையவை. பெங்களூரில் ஒரு கேம் நிறுவனத்தில் சம்பளத்துக்கு அமர்வது ஜாப் ஒர்க்; தன் பெயரில் ஒரு விளையாட்டை வெளியிடுவது சொந்தத் தோல். இந்த வேறுபாட்டை நம் பெரியவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிலையானது என்று நாம் நம்பிய தொழிலும் அசையாததன்று. 1996 ஆகஸ்டில் பாலாற்றைக் கெடுத்த கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோதும் அதனை உணர்ந்தோம்.

தமிழர் ஒருவர் இதனைச் செய்தும் காட்டியிருக்கிறார். டொராண்டோவில் அபி என்பவர் தொடங்கிய விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, 2023இல் வெண்பா என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அம்மாவின் சிதைந்த சமையற்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று விளையாடுபவரே கண்டறிய வேண்டும். சண்டையில்லை, துப்பாக்கியில்லை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் அது சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப் விழாவின் தலைமைப் பரிசையும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது. உருதும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் நம் வீடுகளையும், ஸஹருக்கு எழுப்பும் தெருக்களையும், தம் போட்ட பிரியாணித் தேக்சாவையும் (ஆம்பூரைப் பற்றி எழுதி அதனை எப்படி விடுவது!) நம் பிள்ளைகளன்றி வேறு யார் விளையாட்டாக்கப் போகிறார்கள்?

எப்படிச் செய்வது என்பதற்கு நப்லுஸ் நகரத்துப் பாலஸ்தீனர் ரஷீத் அபூ ஈதாவைப் பார்க்கலாம். காஸா போரில் சிக்கிய குடும்பத்தைப் பற்றி 2016இல் அவர் செய்த விளையாட்டை, அது விளையாட்டே அன்று என்று ஆப்பிள் நிறுவனம் முதலில் மறுத்து, எதிர்ப்பு எழுந்தபின் ஏற்றது. அடுத்த விளையாட்டுக்கு முதலீடு கிடைக்கவில்லை. அவர் பருப்பு, கொட்டை வகைகளை வறுத்து விற்கும் கடையொன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். பின்னர் முஸ்லிம்களின் கூட்டுநிதித் தளமான லாஞ்ச்குட் வாயிலாக மக்களிடம் கேட்டார். 2025 தொடக்கத்தில் இலக்கைத் தாண்டித் தொகை சேர்ந்தது. ஒரு கையில் ஹலாலான வருவாய், மறு கையில் தன் படைப்பு, நடுவில் வட்டி இல்லை.

குடும்பம் பணம் கொடுப்பதானால், முளாரபா முறையை நாம் பரிந்துரைப்போம். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. இலாபம் பேசிய விகிதத்தில் பிரியும். நட்டமானால் முதலுக்கு உரியவர் பணத்தையும் உழைத்தவர் உழைப்பையும் இழப்பர். தொகைக்கும் காலத்துக்கும் முன்பே வரம்பு கட்டிவிட வேண்டும். காலணித் தொழிலில் மாதிரி ஜோடி ஒப்புதலாகாமல் ஆர்டருக்குத் தோல் வெட்டுவதில்லை அல்லவா? அதுபோல் முதலில் பத்து நிமிட விளையாட்டு ஒன்றைக் கேளுங்கள். அதனைப் பிறர் இரண்டாம் முறை விளையாட விரும்பினால் மேலே பேசலாம்.

மார்க்கத்தைப் பொறுத்தவரை, சூதாட்டம் தெளிவான தடை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் நாம் அறிந்ததே. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நடுவண் அரசின் சட்டமும் தடுத்துள்ளது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் குழந்தைகளின் விளையாட்டுகளில்கூட நுழைந்துவிட்டன. வருவாய் பெருகும் என்று யார் சொன்னாலும் நம் பிள்ளை அதனைச் செய்யலாகாது. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுள்ளவர் தம் ஆலிமிடம் கேட்கட்டும். ஈரானைச் சேர்ந்த மஹ்தி பஹ்ராமி 2017இல் வெளியிட்ட எங்காரே, பள்ளிவாசல் சுவர்களில் காணும் வடிவியல் கோலங்களையே புதிராக்கியது.

நம் பெண்மக்களையும் இதில் சேர்த்தே எண்ணுகிறோம். கணினி படித்துவிட்டுத் திருமணத்துக்குப்பின் வீட்டிலிருக்கும் மகள் எத்தனை பேர்! கோடோ என்னும் மென்பொருளும் பிளெண்டரும் இலவசம். பழைய மடிக்கணினியே தொடக்கத்துக்குப் போதும். வரும் ரமளானுக்குள் சிறு விளையாட்டு ஒன்றை முடித்து, உறவுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்க்கும்படி அவளிடம் சொல்லுங்கள்.