ஈழத்தலரிக் காயும் நம் வீட்டுத் தோட்டமும்

நம் சங்க அங்கத்தினர்களில் வீட்டுக்குப் பின்னால் ஓரிரண்டு சென்ட் நிலமேனும் வைத்திருப்போர் அநேகர். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கைகால் நீட்டும் அச்சிறு நிலத்தில் முருங்கை, வாழை, கறிவேப்பிலை ஆகியவை போக, பூசைக்கென்று ஒரு பூமரம் நிற்பதும் வழக்கம். பல வீடுகளில் அது ஈழத்தலரியாக இருக்கிறது. கள்ளி மந்தாரை என்றும், பெருங்கள்ளி என்றும் இதனையே சொல்லும் ஊர்கள் உண்டு. கிளையை ஒடித்து நட்டாலே வேர்விடும் இம்மரத்தை விதையிலிருந்து வளர்ப்பது வீண் வேலை என்பது பொதுவான அபிப்பிராயம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

பெயரைக் கேட்டு இதனை ஈழத்து மரம் என்று எண்ணிவிடுதல் கூடாது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளுமே இதன் தாயகம். நிகராகுவா நாட்டார் இதனைத் தம் தேசிய மலராகக் கொண்டுள்ளனர். 1646-இல் பிறந்து 1704-இல் மறைந்த ஷார்ல் பிளூமியே என்னும் பிரெஞ்சுத் தாவர நூலறிஞரின் பெயரால் இதற்குப் புளுமேரியா என்ற சாத்திரப் பெயர் ஏற்பட்டது. கடல் கடந்து வந்த மரம் நம் கோயில் முற்றங்களிலும் தர்காக்களிலும் இடுகாடுகளிலும் இடம் பெற்றுவிட்டது. இடுகாட்டில் நிற்பதால் வீட்டில் வைக்கலாகாது என்று தயங்குவோரும் உளர். அதே மரம் சந்நிதியில் நிற்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

கிளையை நடுவோர் பெறுவது தாய் மரத்தின் அச்சு நகலேயாகும். ஒரே பாவில் நெய்து அறுத்த சேலைகளைப் போல அவை யாவும் ஒன்றுபோலவே இருக்கும். வாசலில் உள்ள மஞ்சள் நடுவுடைய வெள்ளைப் பூவே வேண்டும் என்பவருக்குக் கிளையைவிடச் சிறந்த வழி இல்லை; பூவும் விரைவில் கிடைக்கும். விதையோ இரு பெற்றோரின் குணங்களைக் கலந்து பெறுவது. ஒரு காயில் 50 விதைகள் இருக்குமானால் 50 கன்றுகளும் 50 விதமாக அமையக்கூடும். இதழின் அகலம், நிறம், மணம், மரத்தின் உயரம் ஆகிய எல்லாவற்றிலும் வேற்றுமை தோன்றும். அவற்றுள் பல சாதாரணமாகவே இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எனினும் இன்று பெயரிட்டு விற்கப்படும் இரகங்களில் மிகப் பெரும்பாலானவை எங்கோ ஒருவர் பொறுமையாக விதை போட்டு வளர்த்த கன்றுகளே. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில், தோட்ட நிர்வாகியாக இருந்த மொராக்னே என்பவர் 1950-களில் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்துப் பல புதிய கன்றுகளை உண்டாக்கினார். சிறந்தவற்றுக்குத் தம் குடும்பத்துப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். அம்மரங்களின் கிளைகள் இன்றும் பல நாடுகளில் வளர்கின்றன.

காய் கிடைப்பதுதான் அருமை. நூறு பூங்கொத்துகள் பூத்து உதிர்ந்த மரத்தில் ஒரு காய்கூடக் காணாதவர் பலர். மலரின் அமைப்பே இதற்குக் காரணம். சூல்முடியும் மகரந்தமும் குறுகிய குழலின் அடியில் ஒளிந்திருக்கின்றன; வெளியிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. இரவில் மணம் வீசி நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சிகளை அழைக்கும் இம்மலரில் ஒரு சொட்டுத் தேனும் கிடையாது. தேனை நம்பி வந்த பூச்சி ஏமாந்து அடுத்த பூவுக்குப் போகும் வழியில்தான் மகரந்தம் இடம் மாறுகிறது. ஏமாற்றத்தை முதலாக வைத்து நடக்கும் வியாபாரம் அடிக்கடி பலிப்பதில்லை போலும்!

பலித்துவிட்டாலோ இரட்டைக் காய்கள் மாட்டுக் கொம்புபோல இருபுறமும் நீளும். அவை முதிர எட்டுத் திங்கள், சில சமயம் பத்துத் திங்களும் ஆகும். இங்கேதான் நம்மவர் அவசரப்படுகின்றனர். பச்சைக் காயைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் விதை முற்றுவதில்லை. போட்டாலும் அழுகிப் போகும். காய் கறுத்து, சுருங்கி, ஒரு பக்கத்துத் தையல் தானே விடும்வரை மரத்திலேயே இருத்தல் வேண்டும். ஆனால் வெடித்த நாளன்று பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் விதைகள் காற்றோடு போய்விடும். ஒவ்வொரு விதைக்கும் காகிதம் போன்ற ஓர் இறகு உண்டு. ஆகவே நிறம் மாறத் தொடங்கியதும் காயை ஒரு மல் துணித் துண்டால் தளர்வாகச் சுற்றி, காம்பில் நூலால் கட்டிவிடுவது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டுவோர் உள்ளே நீர் வியர்த்துப் பூசணம் பிடிப்பதைக் காண்பர். காற்றுப் போகும் துணியே ஏற்றது. இதை நெசவாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்த விதையை நிழலில் ஓரிரு நாள் உலர்த்திக் காகித உறையில் இட்டு, உறையின் மேல் தாய் மரத்தின் விவரத்தையும் தேதியையும் எழுதி வைத்தல் வேண்டும். புதிய விதை நன்கு முளைக்கும். நாட்பட்டால் முளைப்புத் திறன் குறையும். ஆற்று மணலும் மக்கிய எருவும் தேங்காய் நார்க் கழிவும் கலந்த மண்ணில், தடித்த முனை கீழாகவும் இறகின் நுனி சற்று வெளியே தெரியும்படியும் நட்டால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை காணும். ஈரம் இருக்கலாம், சேறு கூடாது. நான்கைந்து இலைகள் வந்தபின் தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, படிப்படியாக வெயிலுக்குப் பழக்கலாம். பனிக்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்தால் கன்று பட்டுவிட்டது என்று அஞ்சி அநேகர் குடம் குடமாக நீர் ஊற்றுகின்றனர். அந்த நீரே தண்டை அழுக்கிவிடும். அது மரம் உறங்கும் காலம். மண் காய்ந்தபின் சிறிதளவு நீர் போதும். முதற்பூக் காணும் முன் நுனியைக் கிள்ளவும் வேண்டாம். தண்டின் நுனியில்தான் பூங்கொத்து தோன்றுகிறது. அதன் பிறகு மரம் தானே கிளைக்கும். ஒடித்த இடத்தில் வடியும் பால் தோலையும் கண்ணையும் உறுத்துமாதலால் குழந்தைகளை அருகில் விடலாகாது.

இனி நமக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருவோம். கைபேசியில் வண்ணப் படம் காட்டி ஈழத்தலரி விதை விற்போர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். இன்ன பெயருடைய இரகத்தின் விதை, இன்ன நிறமே பூக்கும் என்று உறுதி கூறுகின்றனர். விதையில் அத்தகைய உறுதி இல்லை என்பதை மேலே கண்டோம். பெயருள்ள தாய் மரத்தின் காயிலிருந்து எடுத்த விதை என்று சொல்லலாம். அப்பெயருடைய பூவே பூக்கும் என்று சொல்வது பொய். நீல ஈழத்தலரி என்று விற்பவர்களோ உலகில் இல்லாத ஒன்றை விற்கின்றனர். மூன்றாண்டு நீர் வார்த்து வளர்த்த பிறகுதான் வாங்கியவருக்கு உண்மை தெரியவரும். அதற்குள் விற்றவரைத் தேடிப் பிடிப்பது எங்ஙனம்?

இதன் காரணமாகவே, கூட்டுறவுச் சங்கங்கள் நாற்றங்கால் நடத்தும்போது விதைக் கன்றையும் கிளைக் கன்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே விலைக்கு விற்கலாகாது என்று கருதுகிறோம். 60-ஆம் நம்பர் நூல் என்று சொல்லி 40-ஆம் நம்பரில் நெய்த வேட்டியை விற்க நம் அங்கத்தினர் எவரும் சம்மதியார். 2006-இல் இந்திய அரசு கைத்தறி முத்திரையை ஏற்படுத்தியதும், துணி கைத்தறியில் நெய்ததுதானா என்று வாங்குபவர் அறிய வேண்டும் என்பதற்காகவே. கன்றுக்கும் அந்த நேர்மை பொருந்தும். விதைக் கன்றின் சீட்டில் 'விதையில் வளர்ந்தது, தாய் மரம் இன்னது, பூவின் நிறம் பூத்தபின் தெரியும்' என்று மூன்று வரி இருத்தல் வேண்டும். விலையும் கிளைக் கன்றினும் குறைவாக இருப்பதே நியாயம். இப்படி எழுதினால் யார் வாங்குவர் என்று நிர்வாகிகள் சிலர் கேட்கக்கூடும். குறைவாகவே விற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சங்கத்தின் பெயரை ஒரு முறை நம்பி ஏமாந்தவர், பிறகு சங்கத்தின் சேலையையும் ஐயத்துடன்தான் புரட்டிப் பார்ப்பார்.

மூன்று ஆண்டுகள், சிலவற்றுக்கு ஐந்தாண்டுகளும், காத்திருந்து இம்மரத்தால் வருமானம் என்ன என்ற ஆட்சேபத்துக்கும் பதில் கூற வேண்டும். பெரிய வருமானம் ஏதும் இல்லை. கூலியை நம்பி வாழும் குடும்பம் முருங்கையை வெட்டிவிட்டு இதனை வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வேலியோரத்தில் இடமிருப்பவர், காய்த்த மரம் அருகில் உள்ளவர், ஐந்தாறு விதை போட்டுப் பார்க்கலாம் என்பதே நமது கருத்து. இதில் ஊருக்கும் ஒரு நன்மை உண்டு. தெரு முழுவதும் ஒரே மரத்தின் கிளைகளாக இருக்குமானால், அம்மரத்தைத் தாக்கும் நோய் தெரு முழுவதையும் தாக்கும். இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றும் துரு நோயை இப்பொழுது நம் நாட்டிலும் காண்கிறோம். நோய்ப்பட்ட இலைகளைப் பொறுக்கி அகற்றுவது கைக்கண்ட வழி. விதைக் கன்றுகள் பலவாக இருக்குமிடத்தில் நோயைச் சற்றுத் தாங்கி நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவாவது வாய்ப்புண்டு; ஒரே கிளையின் நகல்களில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.

மேலும், சாலை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் பழைய மரங்களின் கிளையை நட்டு அம்மரத்தைக் காப்பாற்றலாம். அதில் காய் தொங்குமானால் அதனையும் விடலாகாது. ஆயினும் வெட்டிய கிளையில் உள்ள பச்சைக் காய் பெரும்பாலும் முற்றாது. ஆகையால் மரத்திற்குக் குறியிட்டிருப்பதை அறிந்தவுடனேயே கறுத்த காய் இருக்கிறதா என்று பார்த்து வருதல் வேண்டும். மல் துணியும் நூலும் இல்லாத வீடு நம் அங்கத்தினரிடையே கிடையாது. காய் நிறம் மாறத் தொடங்கிய மரம் உடையவர்கள் இந்த வாரமே கட்டிவிடுவது நலம்.