புத்தகத்துக்குப் பெயர் வைப்பது யார்?

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடுமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். அந்தப் பெயரைத் தன் முகவரியில் எழுதிப் பழகியவர்கள் அப்படிக் கேட்கவில்லை. இதே கேள்வியைக் கனடாவின் பூர்வகுடி மக்கள் நூலகத்துக்குள் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் நமக்கும் பயன்படும்.

வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் நிற்பது மஸ்குயம் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் எழுதிக்கொடுக்காத நிலம் அது. அந்த வளாகத்தில் 1993 முதல் பூர்வகுடிகளுக்கென்று ஒரு நூலகக் கிளை இயங்குகிறது. 'வேய்வா' என்பதுபோல ஒலிக்கும் அதன் பெயருக்கு ஸ்குவாமிஷ் மொழியில் எதிரொலி என்று பொருள். பழைய குழிவீட்டைப் போலப் பாதி மண்ணுக்குள் இறங்கிய வட்டக் கட்டடம். பூர்வகுடி ஆசிரியர்களை உருவாக்க 1970களில் தொடங்கிய பயிற்சித் திட்டத்துக்காகச் சேர்த்த புத்தகங்கள்தான் அதற்கு விதை.

பெரிய நூலகம் பக்கத்திலேயே இருக்க, இது எதற்கு?

வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. அதில் பூர்வகுடிகள் பற்றிய நூல்கள் 'அமெரிக்க வரலாறு' என்ற பிரிவில், கொலம்பஸ் வருவதற்கு முந்தைய காலத்தை ஒட்டி வைக்கப்படுகின்றன. இன்று உயிரோடிருக்கும் ஒருவர் தன் மக்களைப் பற்றி அறியப் போனால், முடிந்துபோன காலத்தின் அலமாரிக்கு முன்னால் நிற்க வேண்டும். தேட வேண்டிய சொல்லோ 'இந்தியர்கள்'. இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த ஒரு மாலுமியின் பிழை, ஐந்நூறு ஆண்டு கழித்தும் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. இனங்களின் வரிசை ஆங்கில அகரவரிசை. கடலோரத்தில் அக்கம்பக்கமாக வாழும் ஹைடா மக்களும் சிம்ஷியன் மக்களும் அலமாரியில் எங்கெங்கோ இருப்பார்கள்.

மோஹாக் இனத்தைச் சேர்ந்த நூலகர் பிரையன் டீர் 1970களில் இதற்கு மாற்றாக ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். வேய்வா நூலகம் அதைத் தன் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. அதில் நிலத்தில் பக்கத்தில் வாழ்பவர்கள் அலமாரியிலும் பக்கத்தில் இருக்கிறார்கள். மக்கள் தங்களைத் தாங்களே அழைக்கும் பெயர்தான் தலைப்பு.

பூர்வகுடிப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்த பாதையை நினைத்தால்தான் இதன் கனம் தெரியும். கனடாவின் 1876ஆம் ஆண்டு 'இந்தியர் சட்ட'த்தில் ஒரு பிரிவு இருந்தது: பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், சட்டத்தின் கணக்கில் அவர் இனி 'இந்தியர்' அல்ல. பட்டம் வேண்டுமா, சொந்த மக்களோடு இருக்க வேண்டுமா என்பதே அதன் பொருள். அந்தப் பிரிவு பின்னர் மாற்றப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்காக அடி வாங்கினார்கள். அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. அந்தப் பள்ளிகளின் வரலாற்றுக்கென இதே பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒரு மையமும் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவரின் பேத்தி இன்று நூலகத்துக்கு வருகிறாள் என்றால், அவள் முதலில் பார்க்கும் சொல் எது என்பது சின்ன விஷயம் இல்லை.

இங்கே நம் வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். தனி நூலகம் என்பது இன்னொரு சேரிதானே? ஊருக்கு வெளியே ஒதுக்கிவைப்பதைத்தானே நாம் காலமெல்லாம் எதிர்த்து வருகிறோம்? நாம் பார்க்க வேண்டியது சாவி யார் கையில் என்பதை. சேரியை வகுத்தவர்கள் அதில் வாழ்ந்தவர்கள் அல்லர். வேய்வாவில் எதைச் சேர்ப்பது, எந்தப் பெயரில் வைப்பது என்பதில் பூர்வகுடிகளின் சொல்லுக்கு இடம் உண்டு. கதவோ எல்லா மாணவருக்கும் திறந்திருக்கிறது. ஆனாலும் தனிக்கிளை ஒன்று கிடைத்துவிட்டதால் பெரிய நூலகத்தின் பழைய அலமாரி அப்படியே இருக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. அந்த ஆபத்து உண்மையானது.

நம் பெயரும் அந்த அட்டவணையில் இருக்கிறது. காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்புப் பட்டியலில் ஒரு காலத்தில் நாம் 'தீண்டத்தகாதோர்'. இன்று அந்த இடத்தில் 'தலித்' என்ற சொல் இருக்கிறது. நம்மவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், கடல் கடந்த நூலக அட்டவணை வரை போயிருக்கிறது.

நம் ஊரில் நிலைமை என்ன? நூலகவியலில் உலகமே பாடம் படிக்கும் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931லேயே விதி வகுத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரை எந்த அடுக்கில் வைப்பது? பௌத்தம் என்றால் சமயம், இதழ் என்றால் இதழியல், சாதி என்றால் சமூகச் சிக்கல். தமிழ்ச் சிந்தனை, தமிழக வரலாறு என்ற அடுக்குகளில் அவரைத் தேடும் மாணவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும்.

கல்லூரி மாணவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். உங்கள் கல்லூரி நூலகத்திலும் ஊர் நூலகத்திலும் அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இருந்தால், அந்த அடுக்கின் மேலே ஒட்டியிருக்கும் தலைப்பைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.